‘வீசிங் இருக்குன்னு சொன்னா பல் பிடுங்க மாட்டாங்க!’

மறைத்தால் ஆபத்து, சொன்னால் அலைச்சல். பல் டாக்டருக்கும் நெஞ்சு டாக்டருக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களின் கதை

மாலை ஏழு மணி. மாவட்டத் தலைநகர் ஒன்றின் கடைவீதி. கீழே மருந்துக்கடை, மாடியில் பல் கிளினிக், லிஃப்ட் கிடையாது. கன்னம் வீங்கிய அறுபது வயது அம்மா ஒருவர் கைப்பிடியைப் பற்றியபடி ஏறுகிறார், பாதியில் நிற்கிறார், மறுபடி ஏறுகிறார். மேலே வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் விழாத குறையாக உட்காருகிறார். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் அட்டையில் பேர் எழுதிக்கொண்டே கேட்கிறார்: “சுகர், பிரஷர், வீசிங் ஏதாவது இருக்காம்மா?” அம்மா மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மகன் முந்திக்கொள்கிறார்: “சுகர் மட்டும்தான். வேற ஒண்ணுமில்ல.” அம்மாவின் கைப்பைக்குள் நீல நிற இன்ஹேலர் கிடக்கிறது.

இது குறிப்பிட்ட ஒரு கிளினிக்கில் நடந்தது அல்ல. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் எந்த மாலையிலும் நடக்கக்கூடியது. அந்த மகனைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அவர் போடுகிற கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. ‘வீசிங்’ என்று சொன்ன அடுத்த நிமிடம் “ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்கு நுரையீரல் மருத்துவரிடம் டோக்கன், ஒரு நாள் கூலி இழப்பு, எக்ஸ்ரே, ‘பல் சிகிச்சைக்குத் தகுதியானவர்’ என்று ஒற்றை வரி, மறுபடியும் பல் கிளினிக். அதற்குள் நான்கு இரவுகள் வலியில் போய்விடும். உண்மை சொன்னவருக்குத் தண்டனை, மறைத்தவருக்கு உடனடி சிகிச்சை என்று ஓர் ஏற்பாடு இருந்தால் ஜனங்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? சுவாச நோய் உள்ளவர்களுக்குப் பல் சிகிச்சையை ஆபத்தாக்குவதில் நோயின் பங்கைவிட இந்த மறைப்பின் பங்கு பெரிது. மறைப்புக்கோ நோயாளி மட்டும் பொறுப்பல்ல.

நாற்காலி சாயும்போது

பல் நாற்காலி கிட்டத்தட்ட படுக்கையாகச் சாயும். மருத்துவருக்கு வாய்க்குள் நன்றாகத் தெரிய வேண்டும், முதுகும் வலிக்கக்கூடாது. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அதில் சிரமமில்லை. சிஓபிடி என்ற நாட்பட்ட மூச்சடைப்பு நோய் முற்றியவருக்கு நிலைமை வேறு. மல்லாந்ததும் வயிற்றுப் பகுதி உதரவிதானத்தை மேலே தள்ளும். ஏற்கெனவே முழுதாகக் காற்றை வெளியேற்ற முடியாமல் உப்பியிருக்கும் நுரையீரலுக்கு இடம் இன்னும் குறையும். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர்களுக்கும் படுத்தால் திணறும். வீட்டில் இரண்டு மூன்று தலையணை வைத்துத் தூங்குகிறவர் யாராக இருந்தாலும் பல் நாற்காலியில் தட்டையாகப் படுக்க வைக்கக்கூடாது என்பது எளிய கணக்கு. பாதி சாய்வு போதும், தேவையானால் நேராகவே உட்கார வைத்தும் பல்லைப் பிடுங்கலாம். மருத்துவருக்குத்தான் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்.

அடுத்தது வாய். பல்லைக் குடையும் ஏரோட்டர் சுற்றும்போது பல் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சப்படுகிறது. அந்தத் தண்ணீர், எச்சில், பஞ்சு, சக்‌ஷன் குழாய், இரண்டு பேரின் விரல்கள் எல்லாம் வாயில் இருக்கும்போது காற்றுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி மூக்கு. சளியோ, மூக்குத்தண்டு வளைவோ, சதை வளர்ச்சியோ அதை அடைத்திருந்தால் நோயாளி தவித்துப்போகிறார். வேர் சிகிச்சையின்போது பல்லைச் சுற்றிக் கட்டுகிற ரப்பர் திரை பலருக்கும் பாதுகாப்பு. வாயால் மூச்சு விட்டே பழகியவருக்கு அதுவே திகிலாகலாம். மேலண்ணத்தையோ கீழ்த்தாடையின் இரு பக்கத்தையுமோ ஒரே நேரத்தில் மரத்துப்போகச் செய்தால் தொண்டை அடைத்துவிட்டது போலத் தோன்றும். காற்று தடையின்றிப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் போவது தெரியாது. முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் அந்த உணர்வு பீதியாகும், பீதியில் மூச்சு வேகமெடுக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு அதுவே இழுப்பைத் தூண்டலாம். கிளினிக்கில் மிதக்கும் பல்தூள், பொய்ப்பல் செய்யப் பயன்படும் அக்ரிலிக் திரவத்தின் நெடி ஆகியவையும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இவற்றில் ஒன்றுகூட தீர்வில்லாத பிரச்சினை அல்ல. நாற்காலியின் கோணம், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஊசி, அடிக்கடி நிறுத்தி எழுந்து உட்காரும் இடைவெளி, கையைத் தூக்கினால் வேலையை நிறுத்த வேண்டும் என்ற ஒப்பந்தம். எதற்கும் புது இயந்திரம் தேவையில்லை. தேவைப்படுவது முன்கூட்டிய தகவல் ஒன்றுதான். கைப்பைக்குள் ஒளிந்திருப்பதும் அதுதான்.

பெட்டிச் செய்தி: எண்களில்

■ உலக நோய்ச்சுமை ஆய்வின் கணக்குப்படி 2016இல் இந்தியாவில் சிஓபிடி உள்ளவர்கள் சுமார் 5.5 கோடி, ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.8 கோடி.
■ உலக மக்கள்தொகையில் இந்தியாவின் பங்கு 18 சதவீதம். அதே 2016 கணக்கின்படி, நாட்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழந்த ஆரோக்கிய ஆண்டுகளில் நம் பங்கு 32 சதவீதம்.
■ ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்கு ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் இழுப்பைக் கொண்டுவரும்.
■ சிஓபிடி புகைபிடிக்கும் ஆண்களின் நோய் மட்டுமல்ல. விறகடுப்பில் காலம் கழித்த பெண்களுக்கும் வருகிறது.

வலி மாத்திரையில் ஒளிந்திருக்கும் வம்பு

மூச்சுத் திணறல் நாற்காலியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். பல் பிடுங்கியதும் எழுதித்தரும் சீட்டில் வழக்கமாக இருப்பவை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள். ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ள ஒரு பிரிவினருக்கு இந்த மாத்திரை உள்ளே போன இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, நெஞ்சு இறுகிவிடும். ஆஸ்பிரினுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள இந்தப் பகை மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1922லேயே பிரான்சில் பதிவானது, 1968இல் அமெரிக்காவில் சாம்டர் என்ற மருத்துவர் எழுதிய பிறகு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. இவர்களில் பெரும்பாலானோருக்கு வழக்கமான அளவு பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும். மாத்திரை மாற்ற மருத்துவருக்குப் பத்து விநாடி போதும். ஆனால், ஆஸ்துமா இருப்பதே சொல்லப்படவில்லை என்றால் மாற்ற வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

இன்னொன்று, நம் ஊரில் இன்றும் பலர் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் டெரிஃபிலின். அதிலிருப்பது தியோஃபிலின் வகை மருந்து. பல் சீழுக்காக எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ சேர்ந்தால் அது ரத்தத்தில் தங்கி ஏறும். வாந்தி, படபடப்பு, முற்றினால் வலிப்பு வரை போகும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் இதே குணம் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட காலம் எடுப்பவர்கள் பல் பிடுங்குவதற்கென்று அதைத் தாங்களாகவே நிறுத்துவது பெரிய தவறு. உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. மரத்துப்போகும் ஊசியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் கெடாமலிருக்க சல்ஃபைட் சேர்ப்பார்கள். சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாத சில ஆஸ்துமாக்காரர்களுக்கு, அரிதாகத்தான் என்றாலும், அது பிரச்சினை செய்யலாம். அட்ரினலின் சேராத ஊசியும் இருக்கிறது. முற்றிய சிஓபிடி நோயாளிக்குப் பயம் போகட்டும் என்று தூக்க மாத்திரை கொடுப்பதோ, சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடு கொடுப்பதோ மூச்சையே மந்தமாக்கக்கூடும். மூச்சு வாங்குகிறாரே என்று அளவு பார்க்காமல் ஆக்சிஜனைத் திறந்துவிடுவதும் அவருக்கு நன்மை செய்யாது. ரத்தத்தில் அவருக்கான ஆக்சிஜன் அளவின் இலக்கு 88 முதல் 92 சதவீதம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

‘இவ்வளவு வம்பு எதற்கு, பல்லை விட்டுவிடலாமே’ என்று தோன்றலாம். நடைமுறையில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். மறைத்துச் சிகிச்சை எடுப்பவர் ஒருவர் என்றால், திருப்பி அனுப்பப்பட்டுத் திரும்பி வராமலே போகிறவர் இன்னொருவர். ஆபத்து இரண்டாமவருக்குத்தான் அதிகம்.

மூச்சு நோய்க்கு எடுக்கும் மருந்தே பல்லுக்குப் பகை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இன்ஹேலரில் உள்ள சால்புட்டமால் போன்ற மருந்துகள் எச்சில் சுரப்பைக் குறைக்கின்றன. இரவெல்லாம் வாயால் மூச்சு விடுவதும் வாயை உலர்த்துகிறது. அமிலத்தைக் கழுவிவிட எச்சில் இல்லாத வாயில் பல்லின் கழுத்துப் பகுதி சீக்கிரம் சொத்தையாகும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்களின் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளைப் பூஞ்சை படியும். ஆக, பல் மருத்துவரிடம் மற்றவர்களைவிட அடிக்கடி போக வேண்டியவர்கள் இவர்கள். போகாமலிருப்பவர்களும் இவர்களே. இன்ஹேலரை நிறுத்துவது இதற்கு விடையல்ல. நிறுத்தினால் நெஞ்சு பழிவாங்கும். இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தி இழுப்பதும், இழுத்தபின் கொப்பளித்துத் துப்புவதும்தான் விடை.

வாயில் தேங்கும் கிருமி வாயோடு நிற்பதில்லை. தூக்கத்தில் எச்சில் துளித்துளியாக மூச்சுக்குழலுக்குள் இறங்குவது எல்லோருக்கும் நடப்பது. நல்ல நுரையீரல் அதை இருமி வெளியேற்றிவிடும், நோய்ப்பட்ட நுரையீரலால் முடிவதில்லை. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் யோனெயாமாவும் சக மருத்துவர்களும் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிட்டார்கள், பல் மருத்துவர்கள் வாரந்தோறும் சுத்தம் செய்தார்கள். அவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதம். பல் துலக்குவதில் கிடைத்த வித்தியாசம் இது. ஈறு நோய் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்று சிலர் ஒரு படி மேலே போகிறார்கள். அதற்குச் சான்று இன்னும் கெட்டியாகவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் காணப்படுவதும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவதும் வேறு வேறு. ஆனால், அழுகிய வாய் பலவீனமான நுரையீரலுக்குச் சுமை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நுரையீரலில் சீழ்க்கட்டி வந்தவர்களின் வாயைத் திறந்து பார்த்தால் கெட்டுப்போன ஈறு இருப்பது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி.

கடைசியாக, மோசமான சாத்தியம். கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் வேருக்கு அடியில் உடைந்து நாக்கின் கீழ்ப்பகுதிக்குப் பரவினால் தாடைக்கடியில் மரக்கட்டை போல வீக்கம் வரும். நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்படும், மூச்சுப்பாதை அடைபடும். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836இல் விவரித்த இந்த நோய்க்கு நள்ளிரவில் கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுக்க வேண்டிவரலாம். பகலில் பத்து நிமிடத்தில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது. மூச்சுத் திணறலுக்குப் பயந்து பல்லை விட்டவர் பல்லாலேயே மூச்சுத் திணறுகிறார். இப்படி வருகிறவர்களுக்கு முழு மயக்க மருந்து கொடுப்பது இன்னும் ஆபத்து, நுரையீரல் ஏற்கெனவே பலவீனம். “பயமாக இருந்தால் மொத்தமாக மயக்கம் கொடுத்துச் செய்துவிடுங்களேன்” என்று கேட்கும் குடும்பங்களுக்கும் இதே பதில்தான். மரத்துப்போகும் ஊசியோடு, நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு சிறு தவணையாக முன்பே முடித்துவிடுவதே சுவாச நோய் உள்ளவர்களுக்கு நல்லது.

நான்கு வரிக் கடிதம்

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய, இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக விளங்கும் சானடோரியம் அதே மின்சார ரயில் பாதையின் மறுகோடியில், தாம்பரத்தை ஒட்டி இருக்கிறது. நோயாளி ஒரே டிக்கெட்டில் இங்கிருந்து அங்கே போய்விடலாம். ஆனால், தமிழ்நாட்டில் எங்கும் ஒரு பல் மருத்துவருக்கும் ஒரு நெஞ்சக மருத்துவருக்கும் இடையே பயணம் செய்வது பெரும்பாலும் ‘ஃபிட்’ என்ற முத்திரை மட்டுமே. அதில் பல் மருத்துவருக்குப் பயன்படும் தகவல் எதுவுமில்லை. நோய் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, படுக்க முடியுமா, எந்த வலி மாத்திரை கூடாது, அவசரம் வந்தால் என்ன செய்யலாம் என்ற நான்கு கேள்விகளுக்கு அது பதில் சொல்வதில்லை. வேண்டியது அந்த நான்குக்கும் பதில் சொல்லும் நான்கு வரிக் கடிதம். எல்லோருக்கும் அந்தக் கடிதமே வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்போதாவது இன்ஹேலர் எடுத்து, இரவில் நிம்மதியாகத் தூங்கி, மாடிப்படி ஏறுகிறவருக்கு ஒரு பல்லை அடைக்க நுரையீரல் நிபுணரின் அனுமதி கேட்பது, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேலை. சமீபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர் ஆகியோருக்குத்தான் அது தேவை.

பெட்டிச் செய்தி: நேரம் வாங்கும்போதே சொல்லுங்கள்

■ எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயர். இன்ஹேலரையும் மருந்துக் கணக்கில் சேருங்கள். பலர் அதை மருந்தாகவே நினைப்பதில்லை.
■ எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள். கடைசியாக எப்போது நெபுலைசர் வைத்தார்கள்.
■ எந்த மாத்திரையாவது இதற்கு முன் இழுப்பைக் கொண்டுவந்ததா.
■ ஆஸ்துமா விடியற்காலையில் அதிகமாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு நேரம் கேளுங்கள். போகிப் புகையும் தீபாவளிப் புகையும் சூழ்ந்த நாட்களில் அவசரமில்லாத சிகிச்சை வேண்டாம்.
■ சளி, காய்ச்சல், இழுப்பு இருக்கும் நாளில் தள்ளிவையுங்கள். வீக்கமோ காய்ச்சலோடு பல்வலியோ இருந்தால் தள்ளிவைக்காதீர்கள்.

“நேரம் எங்கே சார்?”

மருத்துவர்கள் தரப்பில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ஒரு மாலையில் இருபது, முப்பது பேரைப் பார்க்கும் இடத்தில் ஒருவருக்காக நாற்காலியை நிமிர்த்தி, நிறுத்தி நிறுத்தி வேலை செய்ய முடியுமா? ஏதாவது ஆகிவிட்டால் கூட்டமாக வந்து கண்ணாடியை உடைப்பார்களே, அதற்கு ஃபிட்னஸ் கேட்பது பாதுகாப்புதானே? பயம் உண்மையானது, கேலி செய்வதற்கில்லை. ஆனால், ‘ஃபிட்’ என்ற ஒரு வரி நாற்காலியில் இழுப்பு வந்தால் எந்த விதத்தில் காப்பாற்றும்? மேஜையில் ஒரு சால்புட்டமால் இன்ஹேலர், ஸ்பேசர், ஆக்சிஜன், அட்ரினலின் ஊசி இருப்பதுதான் காப்பாற்றும். நேரக் கணக்கும் நிற்காது. மறைக்கப்பட்ட ஆஸ்துமா பாதியில் வெளிப்பட்டால் அந்த மாலை முழுதும் போய்விடும். முன்பே தெரிந்தால் கூடுதலாகப் பத்து நிமிடம்.

நோயாளிகளின் தரப்பிலும் ஒரு சால்ஜாப்பு இருக்கிறது: “விரலில் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தோம், 97 காட்டுது, அப்புறம் என்ன?” கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் அந்தக் கருவி இருக்கிறது. ஆனால், ஆஸ்துமா இழுப்பில் ஆக்சிஜன் அளவு இறங்குவது தாமதமாக நடப்பது. எண் இறங்கும்போது நிலைமை ஏற்கெனவே கையை மீறத் தொடங்கியிருக்கும். முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பது அந்த எண்ணைவிட நல்ல அளவுகோல்.

பெட்டிச் செய்தி: நாற்காலியில் இழுப்பு வந்தால்

வேலையை நிறுத்தி வாயிலிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நோயாளியை நேராக உட்கார வைக்க வேண்டும், படுக்க வைக்கக்கூடாது. நீல நிற சால்புட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக நான்கு முதல் பத்து வரை கொடுக்கலாம். சில நிமிடங்களில் தேறாவிட்டாலோ, பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம் சேர்ந்து வந்தால் அது ஒவ்வாமை. முதல் மருந்து அட்ரினலின் ஊசி.

பல் மருத்துவர் சங்கங்களும் அரசு மருத்துவமனைகளும் மேலே சொன்ன நான்கு கேள்விகளைக் கால்பக்கப் படிவமாகத் தமிழில் அச்சடித்துவிட்டால் அலைச்சலில் பாதி குறையும். பெரிய செலவில்லை, புதுத் திட்டமும் வேண்டாம். கிளினிக்குகள் ‘ஆஸ்துமா உண்டா’ என்று கேட்பதோடு நிற்காமல் ‘என்ன மருந்து இழுக்கிறீர்கள்’ என்றும் கேட்க வேண்டும், பதில் கிடைத்ததும் நோயாளியைத் துரத்தாமலும் இருக்க வேண்டும். படிவம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை நெஞ்சு மருத்துவரைப் பார்க்கும்போது பல்லைப் பற்றியும் பேச்செடுங்கள். ‘ஃபிட்’ என்று எழுதிக் கொடுத்தால், “கூடவே எந்த மாத்திரை ஆகாதுன்னும், படுக்கலாமான்னும் எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேட்டு வாங்குங்கள்.